பிளம்முக்காக நான் குளத்தில் இறங்கியது

தோர்ன்பெக் கிராமம்,
வடக்கு யார்க்‌ஷையர்.
ஜூன் 22, 1987, திங்கள்.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய வினிஃபிரெட் அக்காவுக்கு, உன் ஒரே தம்பி கத்பர்ட் எழுதிக்கொள்வது. ஸ்கார்பரோவின் கடற்காற்று உன் முட்டிவலிக்கு ஒத்துப்போகிறது என்று அறிந்து மகிழ்ச்சி. மாடி வீட்டுக்காரர் டிரம்பெட் பழகுவதை நிறுத்திவிட்டாரா? அவராக நிறுத்தாவிட்டால் நீ நிறுத்திவிடுவாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இங்கே எனக்குச் சளி, வலது காதில் அடைப்பு, இரண்டு முழங்கையிலும் சிராய்ப்பு. மற்றபடி சுகம்.

ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் பிளம் எப்படிச் செய்தாள் என்று ஒரு வரி எழுதச் சொல்லி அட்டை போட்டிருந்தாய். ஒரு வரியில் சொன்னால், போச்சு. ஆனால் எப்படிப் போச்சு என்று உனக்குத் தெரிய வேண்டும். இதெல்லாம் உன்னால் வந்தது.

பிப்ரவரியில் எட்கர் அத்தானை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லோரும் உன் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம், நினைவிருக்கிறதா? நீ போகப்போகும் அடுக்குமாடியில் நாய் வைத்துக்கொள்ளக் கூடாதாம், அதனால் பிளம் இரண்டு வாரம் என்னோடு இருக்கட்டும் என்றாய். நானும் தலையாட்டினேன். அப்போது ஆர்தர் ஸ்கேஃப், அத்தானோடு முப்பது வருஷம் வேட்டைக்குப் போனவர், எட்டு நாய் வளர்ப்பவர், பன்றி இறைச்சித் துண்டை மென்றுகொண்டே என்ன சொன்னார்? "வினி, இது வேலை செய்யப் பொறந்த லாப்ரடார். உன் தம்பிகிட்ட இருந்தா சோபாவுல படுத்து ஊதிப் போயிடும். எட்கர் இதை ஜூன் மாச வேட்டைநாய்த் தேர்வுக்குப் பேர் குடுத்து வெச்சிருக்கான். உன் தம்பியே கூட்டிட்டு வரட்டும். கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்சா நாய் அவனுக்கு. நடுவர் வெளியேத்திட்டா நாய் எனக்கு." நீ உடனே "சரி" என்றாய். என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. இரண்டு வாரம் நான்கு மாதமாகிவிட்டது.

நான் முப்பத்தெட்டு வருஷம் நகர நூலகத்தில் வேலை பார்த்தவன். அங்கே நான் கேட்ட மிகப் பெரிய சத்தம், அகராதி ஒன்று அலமாரியிலிருந்து விழுந்தது. துப்பாக்கி என்றால் எனக்குப் பயம். தண்ணீர் என்றாலும் அப்படித்தான், நீந்தத் தெரியாது. நடுவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். இந்த மூன்றும் ஒரே புல்வெளியில் ஒரே நாளில் கூடும் விழாவுக்கு நீ என்னை அனுப்பினாய்.

மே மாதம் முழுக்கப் பயிற்சி. விசிலை ஒரு தரம் நீட்டி ஊதினால் நாய் உட்கார வேண்டும், விட்டு விட்டு ஊதினால் திரும்பி வர வேண்டும். பிளம்முக்கு இதெல்லாம் அத்துப்படி. எனக்குத்தான் மாறிப் போகும். சில நாள் அவள் தோட்டத்து நடுவில் உட்கார்ந்துகொண்டு, நான் சரியாக ஊதும் வரை பொறுமையாகக் காத்திருப்பாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவளைக் காரில் ஏற்றினேன். நான் செய்த முட்டை சான்ட்விச் தொண்டையில் இறங்கவில்லை, காகிதத்தோடு கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். ஹாலின்பி பண்ணையில் இருபது கார்கள் நின்றன. எல்லோரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்படித்தான் சிரிப்பு வருகிறதோ. தொப்பியில் கைவிட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். எனக்கு வந்த எண் ஒன்று. பதினேழு நாய்களில் முதல் நாய் என்னுடையது. பார்த்துச் செய்ய எனக்கு முன்னால் ஓர் ஆள் இல்லை.

"என்ன லைப்ரரி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?" என்றார் ஸ்கேஃப். அவர் எட்டு நாய்களில் இளையதைக் கொண்டுவந்திருந்தார். அவருக்கு எண் இரண்டு.

"பனி," என்றேன்.

"ஜூன் மாசத்துலயா?"

நடுவர் திருமதி பென்ஹாலோ. ஆறடி உயரம். கையில் குறிப்பேடு. குரலில் துளி கோபம் கிடையாது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "கயித்தக் கழட்டிப் பையில வெச்சுக்கங்க மிஸ்டர் ரெய்ஸ்ட்ரிக். இனி நாயைத் தொடக் கூடாது. நான் சொன்னப்புறம் அனுப்பினாப் போதும்" என்றார். சுட்டு விழும் பறவைக்குப் பதிலாக நாய் கவ்வி வருவது அந்தப் பச்சைக் கான்வாஸ் பொதி, டம்மிதான். உனக்குத் தெரியும், அத்தான் உன் சாப்பாட்டு மேஜையில் வைத்தே அது மாதிரி எத்தனையோ தைத்தவர். நூறு தப்படிக்கு அப்பால் ஒருவர் அதை வானத்தில் வீசினார். இன்னொருவர் சுட்டார்.

அக்கா, அந்தச் சத்தத்துக்குப் பிளம் ஒரு ரோமம்கூட அசையவில்லை. டம்மி எங்கே விழுகிறது என்று கண்ணால் குறித்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். இதைப் பிறகு மற்றவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். நான் அப்போது தரையில் குப்புறக் கிடந்தேன். என் முகம் பிளாக்பெர்ரி முள்ளில் இருந்தது. முழங்கைச் சிராய்ப்பு அங்கேதான்.

திருமதி பென்ஹாலோ என் பக்கத்தில் குனிந்தார். "எங்கயாவது அடிபட்டுதா?"

"இல்ல."

"எழுந்திரிக்க முடியுமா?"

"இப்போதைக்கு வேண்டாம்னு தோணுது."

அவர் கூட இருந்த இன்னொரு நடுவரைத் திரும்பிப் பார்த்தார். "துப்பாக்கிச் சத்தத்துக்கு நாய் பயந்தா வெளியேத்தணும்னு விதி இருக்கு. ஆள் பயந்தா என்ன பண்றதுன்னு ஒண்ணும் போடலயே?" மற்றவர் உதட்டைப் பிதுக்கினார். "சரி, அனுப்புங்க" என்றார் திருமதி பென்ஹாலோ.

அனுப்ப வேண்டுமென்றால் நாயின் பெயரை ஓங்கிச் சொல்ல வேண்டும். என் தொண்டையில் நூலகத்துக் குரல்தான் மிச்சமிருந்தது. "பிளம்" என்று கிசுகிசுத்தேன். அவள் அம்பாய்ப் பாய்ந்தாள். நேர்கோட்டில் போய், நேர்கோட்டில் வந்து, தரையில் கிடந்த என் உள்ளங்கையில் டம்மியை வைத்தாள். இருபதுக்குப் பதினெட்டு மதிப்பெண்!

அடுத்தது, உயர்ந்த புல்லில் மூன்று நாய்கள் வரிசையாக நடக்க வேண்டும். என் இடதுபக்கம் ஸ்கேஃப். பத்தடி போவதற்குள் எங்கள் காலடியிலிருந்து முயல் ஒன்று கிளம்பியது. நல்ல கொழுத்த முயல். ஸ்கேஃபின் நாய் அதன் பின்னால் போய், வேலியைத் தாண்டி, பக்கத்து வயலில் மறைந்தது. ஸ்கேஃப், தானும் அத்தானும் மட்டும் பயன்படுத்தும் சொற்களைப் பயன்படுத்தினார். பிளம் அசையவில்லை. அவள் கண் என் கோட்டுப் பையை விட்டு நகரவில்லை. "என்ன ஒரு கவனம்! ஆள் மேலயே பார்வை!" என்று திருமதி பென்ஹாலோ எழுதிக்கொண்டார். பயத்தில் என் கை பைக்குள் முட்டை சான்ட்விச்சை நசுக்கிக்கொண்டிருந்ததை உனக்கு மட்டும் சொல்கிறேன். வேறு யாருக்கும் சொல்லிவிடாதே.

மூன்றாவதில் எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. பயந்தால் எனக்கு விக்கல் வரும், சின்ன வயதிலிருந்தே உனக்குத் தெரியும். விசில் வாயில் இருந்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் அது 'பீப்' என்றது. போ என்று அனுப்பிய நாயைப் பின்னாலேயே வா, வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பாவம் அவள், பத்தடி போவாள், திரும்பிப் பத்தடி வருவாள். கடைசியில் விசிலைத் துப்பிவிட்டுக் கையைக் காட்டினேன். போய் எடுத்து வந்தாள். பதினொன்று. வெளியேற்றவில்லை.

மதியம் கரும்பலகையைப் பார்த்தேன். பிளம் ஆறாவது இடத்தில் இருந்தாள். சொன்னால் நம்ப மாட்டாய், எனக்கு அந்த நேரம் ஒரு ஆசை வந்தது. எஞ்சியிருந்தது குளம் ஒன்றுதான். அவள் நீந்திப் போய் எதிர்க்கரையில் விழும் டம்மியை எடுத்துவர வேண்டும். நான் கரையில் நின்றால் போதும். தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்களும் வெளியேற்றப்பட்டவர்களும் வேடிக்கை பார்க்கக் கரையில் கூடினார்கள். ஸ்கேஃப் தேநீர்க் குடுவையோடு முன்வரிசையில்.

அனுப்பினேன். அழகாக நீந்தினாள். நடுக்குளத்தில் அல்லித் தண்டுகள் நடுவே போனதும் நின்றுவிட்டாள். முன்கால்கள் தண்ணீரை அடித்தன, உடம்பு முன்னே போகவில்லை. யாரோ "தயங்குது" என்றார்கள். நான் நான்கு மாதமாக அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது தயக்கமில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் அவள் தலை தண்ணீருக்குள் போனது.

மேலே வந்தது. திரும்பவும் போனது.

என்னை யாரும் தள்ளவில்லை. நான் துணிச்சல்காரனும் ஆகிவிடவில்லை. அந்த நேரத்தைப் போல நான் என் வாழ்க்கையில் பயந்ததில்லை. பயந்துகொண்டேதான் இறங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸில் தண்ணீர் ஏறியது, இடுப்பு, மார்பு, கழுத்து. பின்னால் "டேய் லைப்ரரி, உனக்கு நீச்சல் தெரியாதுடா!" என்று ஸ்கேஃப் கத்துவது கேட்டது. எனக்கு அது தெரியாதா என்ன? முகவாய் வரை தண்ணீர் வந்தபோது என் கை அவள் முதுகில் பட்டது. அவள் பின்னங்காலில், சேற்றில் புதைந்து கிடந்த பழைய படகுக் கயிறு ஒன்று இரண்டு சுற்று சுற்றியிருந்தது. அவள் கடிக்கவில்லை, முண்டவில்லை, மோவாயை என் தோளில் வைத்துக்கொண்டு நடுங்கினாள். நானும் நடுங்கினேன். எந்த நடுக்கம் யாருடையது என்றே தெரியவில்லை. தண்ணீருக்குள் முகத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவித் தடவி அவிழ்த்தேன். காதில் தண்ணீர் போனது அப்போதுதான்.

கால் விடுபட்டதும் கரைக்குத்தானே போவாள்? போகவில்லை. எதிர்க்கரைக்கு நீந்தினாள். டம்மியைக் கவ்வினாள். சேற்றில் இரண்டு காலும் புதைந்து, தலை மட்டும் வெளியே தெரிய நின்றிருந்த என்னிடம் திரும்பி வந்து, கையில் கொடுத்தாள். கரையில் ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லோரும்.

ஸ்கேஃப் நாய்க்கயிறுகள் நான்கை முடிச்சுப் போட்டு வீசி என்னை இழுத்துப் போட்டார். பூட்ஸ் இரண்டும் குளத்திலேயே இருக்கின்றன. திருமதி பென்ஹாலோ தன் கோட்டை என் மேல் போர்த்தினார். அவர் கண் சிவந்திருந்தது. "மிஸ்டர் ரெய்ஸ்ட்ரிக், நாயைத் தொட்டுட்டீங்க. நிக்க வேண்டிய இடத்தை விட்டும் வந்துட்டீங்க. நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க," என்றேன்.

ஆக, வெளியேற்றப்பட்டோம். பேச்சு பேச்சுதான். புதன்கிழமை ஸ்கேஃப் வந்து அவளை அழைத்துப் போகட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. அவளுக்கு வேண்டியது துப்பாக்கி கேட்டால் நின்றபடியே இருக்கும் ஆள், நீந்தத் தெரிந்த ஆள். எனக்கு அறுபத்து நான்கு வயது. அந்தத் தலை தண்ணீருக்குள் போவதை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவளுடைய கம்பளி, கிண்ணம், மருந்து எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிவிட்டேன். நீ வருத்தப்படாதே. அத்தானும் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார், இன்னும் உரத்த குரலில்.

உன் முட்டி குணமாகட்டும், மாடி வீடு அமைதியாகட்டும், நீ நீண்ட நாள் நலமாக இருந்து என்னை இதே போல மிரட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

உன் அன்புத் தம்பி,
கத்பர்ட்

பின்குறிப்பு (புதன்): வீட்டில் தபால்தலை இல்லாததால் கடிதம் இன்னும் இங்கேயே கிடக்கிறது. மதியம் ஸ்கேஃப் வேனோடு வந்தார். பின்கதவைத் திறந்ததுதான் தாமதம், பிளம் வாலை ஆட்டிக்கொண்டு தானாகத் தாவி ஏறி அவருடைய நாய்களோடு உட்கார்ந்துகொண்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பெட்டியை உள்ளே வைத்தேன். பிறகு எப்படி நடந்தது என்று தெரியவில்லை, நானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"எறங்கு லைப்ரரி," என்றார் ஸ்கேஃப்.

"மாட்டேன்."

"நாய் எனக்குன்னு பேச்சு."

"ஆமா. எடுத்துக்கங்க. நானும் வரேன்."

அவர் பெட்டியை இன்னும் உள்ளே தள்ளினார். பிறகு கதவைச் சாத்தினார். ஒன்பது நாய்களுக்கு நடுவே ஆறு மைல் போனேன். அவர் மனைவி எனக்கு ருபார்ப் தண்டில் செய்த இனிப்பு அப்பம் கொடுத்து, "ஆர்தர், இந்த மனுஷனைக் கொண்டுபோய் வீட்ல விடு, நாயோட" என்றார். விட்டார். பெட்டியைப் பிரித்தாயிற்று, பிளம் சோபாவில் தூங்குகிறாள். எனவே மேலே ஸ்கேஃபுக்குக் கொடுப்பதாக எழுதிய பக்கத்தைப் படிக்காதே, படித்திருந்தால் மறந்துவிடு. நீ இங்கே வருவதானால் ஜூலை பன்னிரண்டாம் தேதி வா, தலை துவட்டப் பெரிய துண்டாக இரண்டு எடுத்துக்கொண்டு வா. அன்றைக்கு அடுத்த தேர்வுக்கு நாங்கள் பேர் கொடுத்திருக்கும் இடத்தில் குளமில்லையாம், ஆறுதானாம்.