கரண்ட் இழுத்த போர்டும் என் கைராசியும்

இந்த உலகத்தில் எதுவுமே தானாகத் தீர்வதில்லை, எங்கேயோ கசிகிறது என்று மனதார நம்பிய ஒரே ஜீவன் எங்கள் லீக்கேஜ்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அண்ணாமலை நகரில் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனே முழிப்பார். சோப்பு கரைந்தால் சந்தேகம், பற்பசை குறைந்தால் சந்தேகம். மெஸ்ஸில் சாம்பார் சீக்கிரம் தீர்கிறதே என்று வாளியைத் தலைக்கு மேல் தூக்கி ஓட்டை தேடியவன் அவன். மிச்சமிருந்த சாம்பார் அவன் தலையில் இறங்கியது.

அவன் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம், நான் ஹிஸ்டரி. கரண்டைத் தொடக் கூடாது என்பதோடு என் அறிவு முடிந்துவிடும். ஆனாலும் ஒரே அறை என்பதால் அவன் ப்ராஜெக்ட் என் தலையில்தான் விடிந்தது.

கிள்ளை ஊர்ப் பக்கத்து இறால் குளத்தில் வைக்க ஒரு பெட்டி. தண்ணீர் இறங்கினால் கூவும், மற்ற நேரம் தூங்கும். அதனால் போட்ட பேட்டரி ஒரு மாதம் வரவேண்டும். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை அவனே வரைந்து, சிப்பையெல்லாம் அவனே பற்றவைத்தான். அது நன்றாகக் கூவியது, நன்றாகத் தூங்கவும் செய்தது. ஆனால் பேட்டரி மட்டும் மறுநாளே செத்துக்கிடந்தது.

"தூங்குற போர்டு எதுக்கு மச்சான் இவ்ளோ கரண்ட் இழுக்குது?"

"கனவு காணுதோ என்னமோ."

அவன் சிரிக்கவில்லை. போன வருஷமே ப்ராஜெக்டில் கோட்டை விட்டவன். இந்தத் தடவையும் ரிவ்யூவில் கவிழ்ந்தால் பெங்களூரில் கிடைத்திருந்த வேலை போய்விடும். அவன் அம்மாவோ மஞ்சக்குப்பம் முழுக்க இனிப்பு கொடுத்து முடித்திருந்தார்.

பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவில் கரண்ட் அளக்கும் மீட்டரை மாட்டிவைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தான். போர்டில் இருந்த குட்டி விளக்கைக் கழற்றினான், குறையவில்லை. ஒவ்வொரு பாகமாக மாற்றினான், குறையவில்லை. அழுக்கு வழியாகக் கசிகிறதோ என்று ஸ்பிரிட் விட்டு போர்டை பிரஷ்ஷால் தேய்த்தான். அது நான் பல் தேய்க்கும் பிரஷ் என்பது எனக்கு மறுநாள் காலையில் வாய் எரிந்தபோதுதான் தெரிந்தது.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மீட்டரில் நம்பர் மளமளவென்று இறங்கியது. எழுந்தேன், ஏறியது.

"ஒக்காரு மச்சான்." உட்கார்ந்தேன். "எழுந்திரு." எழுந்தேன். "திரும்ப ஒக்காரு."

தோப்புக்கரணம் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் கண் கலங்கச் சொன்னான்: "உனக்குக் கைராசி இருக்குடா."

அதோடு விட்டானா? லாட்ஜில் இருந்த அத்தனை பேரையும் வரிசையில் நிற்கவைத்துச் சோதித்தான். வாட்ச்மேனுக்கு நம்பர் அசையவில்லை. மேனேஜர் வந்ததும் எகிறியது.

"மாசா மாசம் வடலூர் போறவன்டா நான். எனக்கு ஏன்டா ஏறுது?" என்று மேனேஜர் மனசு உடைந்துபோனார். இறக்கியது நான் ஒருவன்தான்.

அன்றிலிருந்து எனக்குச் சிறைவாசம். சினிமா கிடையாது. ஊருக்குப் போகிறேன் என்றால் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொள்வான். பாத்ரூமுக்கு எழுந்தால்கூட "சீக்கிரம் வா, ஜாஸ்தியாவுது" என்பான்.

ரிவ்யூ அன்று காலையில் லேபுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனான். பரீட்சை வைப்பவர் இன்னும் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல், "இதுல எதுடா கரண்ட் இழுக்குது?" என்று கேட்டபடி சிப்பின் மூலையில் விரலை வைத்தேன். நம்பர் ஒரேயடியாகப் பாதாளத்துக்குப் போனது. விரலை எடுத்தேன், பழையபடி ஏறியது.

லீக்கேஜ் குனிந்து, என் விரல் பட்ட இடத்தில் இருந்த சிப்பின் கம்பிக் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒரு கால் எதோடும் சேராமல் நின்றது.

"தேவையில்லன்னு அந்தரத்துல வுட்டுட்டேன் மச்சான். ஆன்ல இருக்கமா ஆஃப்ல இருக்கமான்னு தெரியாம அது தடுமாறிக்கிட்டே கரண்ட குடிச்சிருக்கு. பக்கத்துல ஆள் வந்தாக்கூட அதுக்குப் புத்தி மாறிருக்கு."

ஒரு துண்டு ஒயரால் அந்தக் காலைக் கிரவுண்டோடு, அதாவது பேட்டரியின் மைனஸ் பக்கத்தோடு, சேர்த்துப் பற்றவைத்தான். நம்பர் இறங்கி அப்படியே நின்றது. நான் வராந்தா வரைக்கும் போய்விட்டு வந்தேன். அது என்னைச் சட்டையே பண்ணவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து எனக்கென்று வந்த ஒரே ராசியை ஒரு துண்டு ஒயர் பிடுங்கிக்கொண்டது.

"சரிடா, நான் கிளம்புறேன்" என்றேன்.

சட்டையைப் பிடித்துக்கொண்டான். "ஒக்காருடா."

"அதான் சரியாயிடுச்சே."

"போர்டு சரியாயிடுச்சு" என்றான். பிடித்த சட்டையை விடவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

பரீட்சை வைப்பவர் வந்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தார். எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டார், சொன்னேன். "ஹிஸ்டரி ஸ்டூடண்டுக்கு இங்க என்னப்பா வேலை?"

"அவன் பக்கத்துல இருந்தா எனக்கு நல்லா ஓடும் சார்" என்றான் லீக்கேஜ்.

அவர் குழப்பத்தோடு என்னையும் மீட்டரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு பாஸ் போட்டார். அடுத்த மாதமே அவன் பெங்களூருக்கு பஸ் ஏறினான். அதற்கப்புறம் நான் எத்தனையோ பேர் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனையோ தடவை எழுந்து போயிருக்கிறேன். போகாதே என்று சட்டையைப் பிடித்தவன் அவன் ஒருவன்தான்.