கூடைக்குக் கீழே ஒரு சிதறுதேங்காய்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. ஓ.எல். வரை படித்தேன். அதன் பிறகு பேனை பிடித்தது கையெழுத்து வைக்க மட்டுந்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் கூடைப்பந்தைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் என் மனைவி இந்தக் கதையைக் கலியாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். போன தடவை அவள் சொன்னபோது நான் ஒரு சாக்குத் தேங்காய் உடைத்திருந்தேன். நான் உடைத்தது ஒன்றே ஒன்று. அதையாவது பதிந்து வைக்க வேண்டும்.

சுன்னாகத்துக்குக் கிட்ட எனக்கு வெங்காயத் தோட்டம். மகள் தர்சிகா வகுப்பிலேயே உயரமானவள். (தன் பக்கத்து உயரம் என்பாள் மனைவி. அவள் பக்கத்து ஆட்கள் வெங்காயத் தாளுக்குள் நின்றால் தலை தெரியாது.) பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் அவளை எடுத்துவிட்டார்கள் என்றதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கூடை உயரத்தில் இருக்கிறது. பிள்ளையும் உயரத்தில் இருக்கிறாள். இதில் பழகுவதற்கு என்ன இருக்கிறது?

கனடாவில் இருக்கும் மனைவியின் தம்பி ரமணன் ஞாயிறு தவறாமல் ஃபோனில் கேட்பான்.

"அத்தான், பிள்ளை கோல் போடுறாளோ?"

"கனக்க" என்பேன்.

உண்மையில் அவள் ஒன்றும் போடுவதில்லை. பந்து கைக்கு வந்ததும் கீர்த்தனா என்ற கட்டைப் பிள்ளைக்கு எறிந்துவிடுவாள். கீர்த்தனா எலி மாதிரி ஓடிப்போய்க் கூடைக்குள் போட்டுவிடுவாள். கைதட்டு முழுவதும் எலிக்கு. பெற்ற வயிறு எரியாதா? (பெற்றது நான் இல்லை. ஆனாலும் எரிந்தது.)

ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் பயிற்சி கொடுக்கிற ரீச்சரைக் கண்டேன். இருந்த துணிவையெல்லாம் கூட்டிக் கேட்டேன்.

"ரீச்சர், எங்கடை பிள்ளை ஏன் கோல் போடுறேல்லை?"

அவர் என் மகளின் வயதைவிடக் கொஞ்சம்தான் கூடியவர் போல இருந்தார். ஆனால் டொக்டர் மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"உள்ளதைச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. போன வருசம் அவவுக்குப் பந்து கையிலை நிக்காது. இப்ப ரிங்கிலை பட்டுத் திரும்புற பந்தெல்லாம் அவவின்ரை. மற்றப் பக்கத்துப் பிள்ளையளை மறிச்சு நிண்டு கீர்த்தனாவுக்கு வழி விடுறதும் அவதான். எறியிற கை இன்னும் வரேல்லை. ரெண்டு வருசத்திலை வரலாம், வராமலும் விடலாம். ஆனா அவ இல்லாட்டி ரீம் இல்லை."

"ஓம் ரீச்சர், விளங்குது" என்றேன். ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து, "ரீச்சருக்குக் கீர்த்தனாவிலைதான் பட்சம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

தர்சிகா கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்கள் ரீச்சரோடை போய்க் கதைச்சனீங்களோ? ஐயோ! இனி என்னை ரீமாலை எடுத்துப்போட்டாவெண்டால்?"

"எடுக்கமாட்டா. உனக்கு நாவூறுதான். இவ்வளவு உயரத்தைச் சனம் சும்மா பாக்குமோ?"

சொன்ன மாத்திரத்தில் எனக்கே அது மெய்யாகிவிட்டது. குறை எறிகிற கையில் இல்லை, சனத்தின் கண்ணில் இருக்கிறது. ஆறுதலாகவும் இருந்தது.

இறுதிப் போட்டி யாழ்ப்பாணத்தில், சீமெந்துத் தரையில் நடந்தது. எங்கள் தென்னையில் நன்றாக முற்றிய காயாகப் பார்த்து, பிள்ளையாரிடம் வைத்துக் கும்பிட்டு, உரப்பையில் கொண்டு போனேன். வாசலில் உடைத்துவிட்டு உள்ளே போவதுதான் திட்டம். வாசலில் சனம். கூச்சத்தில் தேங்காயை மடியில் வைத்தபடி பாதி ஆட்டம் பார்த்தேன். பக்கத்தில் மனைவி, ரமணனுக்கு வீடியோவில் ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பிள்ளைகள்தான் முன்னுக்கு நின்றார்கள். புள்ளி எல்லாம் எலியுடையது.

இடைவேளை வந்தது. எல்லோரும் சோடா குடிக்கப் போனார்கள்; மனைவி ஃபோனைக் கதிரையில் சாத்திவிட்டுப் போனாள். இரண்டாம் பாதியில் பக்கம் மாறுவார்கள் என்பது கூடைப்பந்தில் எனக்குத் தெரிந்த ஒரே விசயம். அந்த ஒன்று தெரியாமல் இருந்திருந்தால் வென்றிருப்போம். எங்கள் பிள்ளைகள் இனி எறியப்போகிற கூடையின் கம்பத்துக்குப் பின்னால் ஒளித்துப் போய், மூன்று தரம் சுற்றி, கம்பத்தின் அடிக் கொங்கிறீற்றில் ஓங்கி அடித்தேன். அருமையாகச் சிதறியது. தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக வந்து இருந்தேன்.

தண்ணீரை மறந்துவிட்டேன். தரை கூடைப் பக்கம் சரிவு. வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விடுகிற தோட்டக்காரனுக்கு இது தெரியவில்லை.

விசில் ஊதியது. தர்சிகா ஒருத்தியை மறித்து நிற்க, அந்த இடைவெளியால் கீர்த்தனா பறந்து வந்தாள். கூடைக்குக் கீழே கால் வழுக்கி, இருந்த இருப்பில் சறுக்கிப்போய்க் கம்பத்தடியில் நின்றாள். கால் பிரண்டுவிட்டது. இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போய் வெளியில் இருத்தினார்கள்.

"ஆர் இதிலை தண்ணி ஊத்தினது?" என்று ரீச்சர் கத்தினார். நான் வானத்தைப் பார்த்தேன். மழைக்குணம் கூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இனி என் மகள்தான் எறியவேண்டும் என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம் எழும்பியது. பிள்ளையார் வேகமாகத்தான் வேலை செய்கிறார் என்று நினைத்தேன்.

தர்சிகா எறிந்தாள். முதல் பந்து பலகையின் அடியில் பட்டுத் திரும்பி அவள் நெற்றிக்கே வந்தது. அடுத்தது எதிலும் படவில்லை. பிறகு ஒன்று, பலகைக்கு மேலால் போய் மாமரத்தில் இருந்த காகத்தை எழுப்பியது. திரும்பி வந்த பந்தைப் பிடிக்க ஆளில்லை, பிடிக்கிறவள் எறிந்துகொண்டிருந்தாள். வழி மறித்துக் கொடுக்கவும் ஆளில்லை, மறிக்கிறவளும் அவளே. ரீச்சர் வாசலில் நின்று சொன்னது அப்போதுதான் ஒவ்வொரு சொல்லாக எனக்கு விளங்கியது. தோற்றுப்போனோம்.

தர்சிகா துவாயால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தாள். நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று கிட்டப் போனேன். ரீச்சரும் அங்கே நின்றார். அந்த நேரம் பார்த்து மனைவியின் கையில் இருந்த ஃபோனில், இடையில் அறுந்துபோன ரமணனின் குரல் திரும்ப வந்தது. ஸ்பீக்கரில், முழுச் சத்தத்தில்.

"என்னக்கா, தேங்காய் அடிச்சுமோ தோத்தவை? அத்தான் கம்பத்துக்குப் பின்னாலை அடிச்சவரெல்லே! வடிவாய்த் தெரிஞ்சது!"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பிறகு என் உரப்பையைப் பார்த்தார்கள். கால் கட்டோடு இருந்த கீர்த்தனா, "மாமா, சொட்டு இருந்தால் தாங்கோ, பசிக்குது" என்றாள். கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

"தர்சிகாவின்ரை அப்பா," என்றார் ரீச்சர், "இனி நீங்கள் வீட்டிலை இருந்தே கும்பிடுங்கோ."

பஸ்ஸில் தர்சிகா எனக்கு முன் இருக்கையில் போய் இருந்தாள். இறங்கும்போது திரும்பி, "நாளைக்கு ரீச்சர் என்னை வேண்டாமெண்டால், நீங்கள்தான் போய் மறிச்சு நிக்கோணும்" என்றாள்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது சோதனைக்கோ நேர்முகத்துக்கோ வெளிக்கிட்டால், "அப்பாவின்ரை பையைப் பாத்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டுத்தான் படலையைத் திறப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரமணன் கோல் கணக்குக் கேட்பதில்லை. தேங்காய் விலை கேட்கிறான்.

போட்டிக்கு அடுத்த நாள் பின்னேரம் பயிற்சி இருந்தது. தர்சிகா போனாள். ரீச்சர் அவளைப் பழைய இடத்திலேயே நிறுத்தினாராம். நான் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டேன்.