கட்டிலடியில் ஒரு மரநாய்

படித்தவள் பயந்தால் அக்கம்பக்கத்துக்கே ஆபத்து. நான் எம்.எஸ்சி. வரை படித்தவள்.

என் மகள் நிலாவுக்கு அப்போது நான்கு வயது. எடை ஏறவே இல்லை. டாக்டர் சொன்னாரே என்று பேரீச்சை, எள், பூசணி விதை, வாசனைக்கு ஏலக்காய் எல்லாம் அரைத்து, தினமும் ஒரு சத்து உருண்டை கொடுத்தேன். அப்படியும் இளைத்தாள். (உருட்டியது சரியில்லையோ என்று அளவை நான் மாற்றாத வாரம் இல்லை.)

ஒரு நாள் கட்டிலடியைப் பெருக்கினால், விளக்குமாற்றில் கருப்பாக, விதை விதையாக, காய்ந்த ஏதோ ஒன்று. குனிந்து பார்த்தால் ஒரு குவியல். ஏதோ பிராணியின் எச்சம். பிள்ளை இளைப்பது இதனால்தானோ?

காட்டுயிர்களைப் பார்த்தவர்கள் படம் போட்டுவைக்கும் இணையதளம் ஒன்றைத் திறந்தேன். அது முதலில் பிராணியின் பெயரைக் கேட்டது. பெயர் தெரிந்தால் உன்னிடம் ஏன் வரப்போகிறேன்? இனம், குடும்பம், வாயில் நுழையாத லத்தீன் எல்லாம் இருந்தன. 'பிள்ளையைக் கடிக்குமா' என்ற பிரிவு மட்டும் இல்லை. துழாவித் துழாவி, பெயர் இல்லாமலும் தேடலாம் என்று கண்டுபிடித்தேன்: கால்தடம், கூடு, உதிர்ந்த இறகு, எச்சம். எச்சத்தை அழுத்தினேன். பக்கம் பக்கமாக எச்சம். ஒரு கையில் தயிர்சாதத்தோடு அத்தனையும் பார்த்தேன். கடைசியில் வந்து நின்றது மரநாய். அதே கருப்பு, அதே விதை. என் படத்தையும் ஏற்றினேன். முகம் தெரியாத இருவர் 'மரநாய்தான்' என்று ஒப்புக்கொண்டார்கள்.

வனத்துறைக்கு போன் போட்டுவிட்டு, கீழ்வீட்டு ஓனர் அம்மாவிடம் ஓடினேன். பிரெஞ்சு பென்ஷன்காரர், முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கே அவர் மதாம். கோழிகளை அடைத்துவிட்டுக் கம்போடு மாடியேறினார். ஆபீசிலிருந்து பாதியில் வந்த என் கணவர் கட்டிலைத் தூக்கிப் பிடித்தார்.

மதாம் குனிந்து முகர்ந்தார். (தடுத்தேன், கேட்கவில்லை.)

"ஏம்மா, மரநாயி ஏலக்காலாம் திங்குமா?"

கதவோரம் நின்ற நிலாதான் சொன்னாள்: "அது அம்மா குடுத்த உருண்ட. மென்னுட்டு அங்க துப்பிடுவேன்."

கணவர் கட்டிலை மெல்ல இறக்கினார். "வனத்துறைக்கு நீயே சொல்லிடு."

அதன்பின் மதாம் வீட்டுக் கோழி முட்டையில் நிலா எடை ஏறினாள். இணையதளத்தில் 'இது என் சமையல்' என்று எழுதிப் பார்த்தேன். ஒப்புக்கொண்ட இருவரும் அசையவில்லை. எங்கள் தெருவில் இன்றுவரை மரநாய் உண்டு.

மிக்ஸியில் ஏலக்காய் விழுந்தால் போதும். "பாப்பா, மரநாயி வந்துடுச்சி," என்பார் கணவர்.