அதிகாரி மறுபடியும் வருவார்

ஒரு நாள், ஒரே ஒரு நாள், தன் வீட்டில் தானே தலைவனாக இருந்து பார்த்துவிடுவது என்று லிஃப்ட்காரர் முடிவு செய்தார்.

அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் பொறியாளர். வெளிநாட்டிலிருந்து வந்த தொழில் வல்லுநர் என்ற பிரிவில் நிரந்தரக் குடியிருப்பு விசாவுக்கு விண்ணப்பித்திருந்தார். கம்பெனி ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது. விசா வந்தால் இங்கே. வராவிட்டால் மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான். மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. அதுவும் இவருடைய வேலை அனுமதியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களைத் தினமும் வெளியே எடுத்துவிடுகிற மனிதர், தானே அப்படி மாட்டிக்கொண்டு கிடந்தார்.

சான்றிதழ்கள் எல்லாம் கொடுத்தாயிற்று. ஒன்றுதான் பாக்கி. விண்ணப்பித்தவர் அந்த முகவரியில் குடும்பத்தோடுதான் வாழ்கிறாரா என்று பார்க்க ஓர் அதிகாரி வீட்டுக்கே வருவார். முகவரியை ஓர் இடத்திலும் வாழ்க்கையை இன்னோர் இடத்திலும் வைத்திருந்த சில பேரால் வந்த வினை அது.

லிஃப்ட்காரருக்கு அதிகாரியிடம் பயமில்லை. மனைவியிடம்தான். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடித்துவைப்பது அவள்தான், அதுவும் வேறு விதமாக. ஆகவே முந்தின வாரமே தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை எடுத்தார்.

"அதிகாரி கேக்கறதுக்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கறேன். நீ குறுக்கே பேசக்கூடாது."

"சரிங்க."

அவர் காத்திருந்தார். அவளுடைய 'சரி'க்கு எப்போதும் ஒரு வால் இருக்கும். இன்று வாலைக் காணோம்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான். நீங்கதானே விண்ணப்பதாரர். நீங்களா 'பேசு'ன்னு சொல்ற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. சத்தம் போடுகிற லிஃப்டுக்கு அவர் பயந்ததே இல்லை. சத்தமே இல்லாமல் இறங்குகிற லிஃப்ட்தான் கவலை. இவள் ஏன் ஒப்புக்கொண்டாள்? வேலை முடிந்து வந்ததும் நேராக மேல்மாடி அக்கா வீட்டுக்கு ஏன் போகிறாள்? அந்த அக்கா குடும்பத்துக்கு முன்பே நிரந்தர விசா கிடைத்துவிட்டது. என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, சும்மா பேசிக்கொண்டிருந்தோம் என்றாள். உலகத்திலேயே அவரை அதிகமாகப் பயமுறுத்துகிற வார்த்தை அந்தச் 'சும்மா'தான்.

அதிகாரி வந்தார். நடுவயதுப் பெண், மெல்லிய குரல். அந்த ஊர் மொழியில் தொழிலைப் பற்றி விசாரித்தார். லிஃப்ட்காரர் இரும்புக் கயிற்றில் ஆரம்பித்து அவசரக்கால பிரேக் வரைக்கும் விளக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, ஒரு டீ கிடைக்குமா, நீங்களே போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார்.

லிஃப்ட்காரர் சமையலறைக்குள் கம்பீரமாக நுழைந்தார். முதல் கதவைத் திறந்தார்: தட்டுகள். இரண்டாவது: தரை துடைக்கிற துணி. மூன்றாவதில், போன வருடம் முழுக்கத் தேடிய அவருடைய ஸ்க்ரூடிரைவர்.

"அட, நீ இங்கதான் இருக்கியா" என்றார், தன்னை மறந்து.

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். இந்த வீட்டில் எத்தனை காலமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐந்து வருடம் என்று சொல்லும்போது இவர் குரல் இறங்கிவிட்டது. இந்தத் தெருவில் என்றைக்குக் குப்பை எடுப்பார்கள்? தினமும் என்றார். இவரைப் பொறுத்தவரை குப்பை தினமும் தானாகவே காணாமல் போய்க்கொண்டிருந்தது. சர்க்கரை எங்கே? லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூடக் குனியாத தலையை அவள் குனிந்துகொண்டிருந்தாள்.

அதிகாரி பேனாவை மூடினார். இந்த அம்மா ஏன் பேசவே மாட்டேன் என்கிறார், இவர் உண்மையிலேயே உங்கள் மனைவிதானா என்று கேட்டார்.

லிஃப்ட்காரருக்கு வியர்த்தது. கப்பலும் விமானமும் மூட்டை முடிச்சும் கண்முன் வந்து போயின.

"ஏம்மா, ஏதாவது பேசேன்."

"பேசலாமா?"

"பேசு தாயே."

பேசினாள். தாய்மொழியில், மூச்சு விடாமல்.

"சர்க்கரை அரிசி டின்னுக்குப் பின்னாடி இருக்கு. டாக்டர் குறைக்கச் சொன்னதால உங்க கண்ணுல படாம நான்தான் ஒளிச்சு வெச்சேன். அஞ்சு வருஷமா ஈரத் துண்டைக் கட்டில் மேலதான் போடறீங்க, கொடி எங்கன்னு கேட்டாத் தெரியாது. ஊர்ல உள்ள லிஃப்ட் கதவையெல்லாம் திறக்கறீங்க, இந்த அலமாரிக் கதவை நீங்க திறந்து இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அதிகாரிக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்தார். இடுப்பில் கைவைத்து நின்ற மனைவியைப் பார்த்தார். முகம் தெளிந்து, பேனாவைத் திறந்து மளமளவென்று எழுதினார்.

கிளம்பும்போது வாசலில் அந்த அதிகாரி இவர் மனைவியின் காதில் என்னவோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். சமையலறையில் பொங்கி வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"குடும்பம்னு நம்பிட்டாங்க. ஆனா உங்களைப் பத்திதான் சந்தேகமாம். மறுபடியும் வருவாங்களாம். எப்பன்னு சொல்ல மாட்டாங்களாம்."

"ஐயோ, அப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது, கத்துக்க வேண்டியதுதான்."

அன்று மாலையே வகுப்பு தொடங்கியது. கடையில் கண் பரிசோதிப்பதுபோலவே இரண்டு டப்பாவை முன்னால் நீட்டி, "எது உப்பு, இதுவா, அதுவா?" என்றாள். உப்பில் தேறினார், சோறு வடிப்பதில் தேறினார், பாத்திரம் தேய்ப்பதில் முதல் மாணவனாகவே வந்தார். குப்பைக்கு எந்தக் கிழமை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொன்னார். வாசல் மணி அடித்தால் கரண்டியோடு ஓடிப்போய்த் திறந்தார்.

விசா அட்டையும் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, இனிமேல் எதற்கு என்று மெல்ல இழுத்தார்.

"கொடுத்தவங்களுக்குத் திரும்ப வாங்கத் தெரியாதா?" என்றாள் அவள்.

நியாயமாகத்தான் பட்டது. தேய்க்கிற நாரை எடுத்துக்கொண்டார்.

இருந்தாலும் ஒரு கேள்வி அவரை அரித்துக்கொண்டே இருந்தது. அந்த அம்மா எப்போதுதான் வருவார்? ஒரு நாள் காலை குப்பைப் பையோடு லிஃப்டில் ஏறினார். உள்ளே மேல்மாடி அக்காவின் கணவர், சமையல் ஏப்ரனோடு, இரண்டு கையிலும் குப்பைப் பை வைத்துக்கொண்டு நின்றார். இவரைவிட்டால் யாரைக் கேட்பது?

"அண்ணே, ரெண்டாவது தடவை அதிகாரி வருவாங்களாமே, உங்க வீட்டுக்கு எப்ப வந்தாங்க?"

அண்ணன் லிஃப்ட் கதவு மூடும்வரை பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் வரலை தம்பி. நாலு வருஷமாத் தயாராத்தான் இருக்கேன்."