மஞ்சள் தண்ணீர் பட்ட வெள்ளைக்காரப் பட்டாளம்

தோற்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். வளவனூர்ப் பக்கம் கூலிக்குக் கரும்பு வெட்டி, பிறகு வெட்டுகிற ஆட்களைக் கூட்டிப்போகும் மேஸ்திரியாகி, இன்று இரண்டு டிராக்டருக்கும் ஒரு மாடி வீட்டுக்கும் சொந்தக்காரன். (மாடிக்கு இன்னும் கைப்பிடிச் சுவர் கட்டவில்லை. அது வேறு கதை.) இப்படி ஜெயித்துக்கொண்டே வந்த மனிதனை ஒரே ஒரு தடவை, வந்து தோற்றுக் காட்டுங்கள் என்று வலியக் கூப்பிட்டார்கள். அதைக்கூட என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். மண்டகப்பட்டுக் குகைக்கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய பொட்டலில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். சரித்திரப் படம். கும்பினிப் பட்டாளம் நம்ம ராஜா ஒருவரிடம் செமத்தியாக உதைபட்டுத் தோற்பதுதான் கடைசிக் கட்டம். உதைபட இருநூறு வெள்ளைக்காரர்கள் வேண்டும். புதுச்சேரியில் தேடிப் பிடித்தும் நிஜ வெள்ளைக்காரர்கள் பதினைந்து பேர்தான் தேறினார்கள். அவர்களை முன்வரிசையில் நிறுத்திவிட்டு, மிச்சத்துக்கு என்னிடம் வந்தார்கள்.

என் கரும்பு வெட்டும் ஆட்களுக்குச் சிவப்புக் கோட்டு மாட்டி, முகத்தில் ரோஸ் பெயிண்ட் அடித்தார்கள். காலையில் பார்த்தால் நானே பயந்துபோவேன். பத்து மணி வெயிலில் பெயிண்ட் வழிந்து கோட்டுக்குள் இறங்கியதும், மூக்குவரைக்கும் சீமைக்காரன், மூக்குக்குக் கீழே வளவனூர்க்காரன்.

தளபதி துரையாக நடித்த வெள்ளைக்காரர் மூன்றாம் நாள் வெயிலில் சுருண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பாக்கி இருந்தது அவர் குண்டடிபட்டு விழுந்து சாகிற காட்சி மட்டும். தூரத்தில் இருந்து எடுப்பது, முகம் தெரியாது. டைரக்டர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டினார். ஆறடி உயரம், நிமிர்ந்த நடை, கம்பீரமான தொந்தி. இதையெல்லாம் பார்த்துத்தான் கூப்பிட்டார் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தத் துரையின் கோட்டு என் ஒருவனுக்குத்தான் பட்டன் போட வந்தது என்பதை ஒத்துக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆனது.

அந்த வாரம்தான் என் மகள் கலைச்செல்விக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீடு திண்டிவனம். பையனுடைய அப்பா ரிடையரான ஹெட்மாஸ்டர், அதிலும் சரித்திர வாத்தியார். எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பதில் சொல்கிறேன் என்று போயிருந்தார். மகளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் என் போன் அடித்தால் அவள்தான் முதலில் ஓடிவந்து யாரென்று பார்ப்பாள். படித்த குடும்பம், கைநாட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குள் ஒரு நடுக்கம். (வெளியே காட்டிக்கொள்வேனா நான்.)

அந்த நடுக்கத்தில்தான் ஹெட்மாஸ்டருக்கே போன் போட்டு, வியாழக்கிழமை ஷூட்டிங் பார்க்கக் குடும்பத்தோடு வாருங்கள், நான் தளபதியாக நடிக்கிறேன் என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"எந்தப் பக்கத்துத் தளபதி?"

சரித்திர வாத்தியாரிடம், தோற்ற பக்கம் என்று எப்படிச் சொல்வது? "நம்ம பக்கம்தாங்க சார்" என்றுவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் வேறொரு தலைவலி வந்தது. என் ஆட்களில் மூத்தவர் முனுசாமி, தலையில் கும்பினித் தொப்பியோடு வந்து நின்றார்.

"மேஸ்திரி, சண்ட போடச் சொல்லு, போடறோம். நாளைக்கி பொணமா படுக்கச் சொல்றாங்க. படுத்தா யாரு எழுப்பறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் பதினெட்டாம் நாள் படுகளம் நடக்கும். போரில் செத்தவர்களாக ஆட்கள் களத்தில் படுப்பார்கள். படுத்தவன் தானாக எழுந்திருக்கக் கூடாது. மஞ்சள் தண்ணீரை வேப்பிலையால் தெளித்து எழுப்ப வேண்டும். தண்ணீர் பட்டதும் எழுந்து கும்பிட்டாக வேண்டும். பட்ட பிறகும் படுத்திருந்தால் அவன் குடும்பத்துக்கு ஆகாது. இது தெரியாத ஆள் எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை.

டைரக்டருடைய உதவியாளர், கட் என்று சொன்னால் எழுந்துவிடலாம், பயப்படாதீர்கள் என்றார்.

"கட்டுன்னா? அது இன்னா மந்திரமா?" என்றார் முனுசாமி.

என் ஆட்கள் அத்தனை பேரும் அவர் பின்னால் நின்றார்கள். நான் சும்மா விடுவேனா? மேஸ்திரி என்றால் எதற்கும் வழி வைத்திருக்க வேண்டும். என் மனைவி அஞ்சலையின் தாய்வீட்டுக்காரர்கள்தான் கோயிலில் படுகளத்துக்குத் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காரர்கள். அங்கேயே அவளுக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கி நாலு மணிக்கி ஒரு கொடம் மஞ்சத்தண்ணி, வேப்பல எடுத்துக்கினு வந்துடு. ஆளுங்க படுத்ததும் தெளிச்சி எழுப்பிடு."

"நீ இன்னா பண்ணுவ?"

"நான் ராஜா பக்கத்துல நின்னுக்கினு இருப்பேன்."

மகள் கல்யாணப் பேச்சு நடக்கும்போது, நான் செத்து விழப்போகிறேன் என்று அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. சொல்லாமல் விட்டது அது ஒன்று. தண்ணீரைத் தெளிக்க வேண்டியது கேமரா நின்ற பிறகு என்று சொல்லாமல் விட்டது இன்னொன்று. டைரக்டருக்கு இந்த ஏற்பாடே தெரியாது. அவருக்கு எதற்கு வீண் தொந்தரவு என்று நானே முடிவுசெய்துவிட்டேன்.

வியாழக்கிழமை நாலு மணி. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே ஹெட்மாஸ்டர், அவர் வீட்டம்மா, என் மகள், இடுப்பில் குடத்தோடு அஞ்சலை. கும்பினிக் கூடாரத்தை வெடிவைத்துக் கொளுத்தப் போகிறார்கள். இருப்பது ஒரே கூடாரம். ஆகவே ஒரே தடவைதான் எடுக்க முடியும் என்று டைரக்டர் மைக்கில் நாலு தடவை சொன்னார்.

வெடி வெடித்தது. கூடாரம் எரிந்தது. என் ஆட்கள் கரும்பு சாய்வது போல வரிசையாகச் சாய்ந்தார்கள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் தள்ளாடி (ஒரு தரம்தான் சொல்லியிருந்தார்கள்) மல்லாந்து விழுந்தேன். தொப்பியும் பொய்முடியும் ஒரு பக்கமாக உருண்டு ஓடின.

புகைக்கு நடுவில் ராஜா குதிரையில் வர ஆரம்பித்தார். அப்போதுதான் அஞ்சலையின் குரல் கேட்டது.

"ஐயோ, அது எங்கூட்டுக்காரரு. இன்னாத்துக்கு அங்க படுத்துக்கினு கீறாரு?"

கயிற்றைத் தாண்டி வந்துவிட்டாள். வருகிற வழியில் கிடந்தவர்களை விட்டுவிட்டா வருவாள்? சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவள். வேப்பிலையை முக்கி இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர் என்று தெளித்துக்கொண்டே வந்தாள். தண்ணீர் பட்டவன் எல்லாம் எழுந்து நின்று கைகூப்பினான். பக்கத்தில் இருந்தவன் எழுந்ததைப் பார்த்துப் படாதவனும் எழுந்தான். ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று மிச்சமிருந்த பதினாலு நிஜ வெள்ளைக்காரர்களும் எழுந்து கும்பிட்டார்கள்.

கடைசியில் என் மூஞ்சியில் ஒரு வீச்சு விழுந்தது.

நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். எழுந்தால், செத்துக் கிடந்த வெள்ளைக்காரத் துரை நான்தான் என்று ஹெட்மாஸ்டர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். எழாவிட்டால், குடும்பத்துக்கு ஆகாது. அந்தக் குடும்பத்தில்தான் கலைச்செல்வி இருக்கிறாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் யோசித்தேன். எழுந்து நின்று கும்பிட்டேன்.

எதிரிகளில் ஒருவன்கூட உயிரோடு மிஞ்சவில்லை என்பது ராஜா சொல்ல வேண்டிய வசனம். அவர் பெரிய நடிகர், வசனத்தை விழுங்காமல் முழுதாகச் சொன்னார். இருநூறு பேரும் நின்றபடி பக்தியோடு கேட்டோம்.

டைரக்டர் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். அதற்குமேலேயே உட்கார்ந்தார்.

நான் கோட்டோடு ஹெட்மாஸ்டரிடம் நடந்தேன். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எந்தப் பக்கம்னு கேட்டேன். நம்ம பக்கம்னீங்க" என்றார் அவர்.

"தப்புதாங்க சார். தோக்கற பக்கம்னு சொல்ல வெக்கமா இருந்திச்சி. எம் பொய்க்கி எம் பொண்ணத் தள்ளிடாதீங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பொட்டலில் நின்ற சிவப்புக் கோட்டுகளைப் பார்த்தார்.

"சரித்திரப்படி அந்தச் சண்டையில தோத்தவங்க திரும்ப எழுந்து வந்து நாட்டையே புடிச்சிக்கினாங்க. உங்க சம்சாரம் அதைக் கொஞ்சம் சீக்கிரமா காட்டிட்டாங்க. அவ்வளவுதான்."

அவர் வீட்டம்மா அதற்குள் அஞ்சலையின் கையிலிருந்த குடத்தை வாங்கி இறக்கிவைத்துவிட்டு, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நடிப்புன்னு தெரிஞ்சும் புருஷன் கெடக்கறதப் பாத்துக்கினு நிக்கல பாருங்க. இந்த வூட்டுப் பொண்ணுதான் நமக்கு" என்றார். வெள்ளிக்கிழமைவரை யாரும் காத்திருக்கவில்லை.

மறு வாரம் சினிமாக்காரர்கள் வேறு கூடாரம் கட்டி அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. துரையின் கோட்டுக்குள் வைக்கோலைத் திணித்துப் படுக்கவைத்தார்களாம். படம் வந்தபோது விழுப்புரத்துத் தியேட்டருக்குக் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். வைக்கோல் நன்றாகவே நடித்திருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்ற உட்கார்ந்ததும், ஹெட்மாஸ்டர் சபையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "துரை, இந்தத் தடவை எந்தப் பக்கம்?" என்றார். பெண் வீட்டுப் பக்கம் என்றேன். அப்படியென்றால் மறுபடியும் தோற்கிற பக்கம்தான் என்றார். அன்றிலிருந்து இரண்டு ஊரிலும் எனக்குப் பெயர் துரை. பேரப்பிள்ளைகளுக்கு நான் துரைத் தாத்தா.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் அசந்தால், அஞ்சலை கையில் சொம்போடு வந்து தலைமாட்டில் நிற்பாள்.

"துரை எழுந்துக்கறியா, தெளிக்கட்டுமா?"

தெளிக்கிறவரைக்கும் நான் காத்திருப்பதில்லை. எழுந்து உட்கார்ந்து ஒரு கும்பிடும் போட்டுவிடுவேன்.