டைம்அவுட் அண்ணையின் வெளி ஆள்

துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர் முழுவதிலும், வேலையைத் தொடங்க முதலே அதன் குப்பையை அள்ள ஏற்பாடு செய்த ஒரே மனிதர் டைம்அவுட் அண்ணைதான்.

யுத்த காலம். லொறி, மீனுக்கு ஐஸ் போடும் வாடி, மேசன் வேலை என்று ஒன்றிலும் நிலைக்காமல், ஓர்ஸ் ஹில்லில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் தேத்தண்ணி போடவும் கூட்டவும் சேர்ந்தேன். அங்கே அண்ணை, வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்க்கக் கல்யாணப் படங்களை ஏற்றும் இணையப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தார். சேர்வர் கொஞ்ச நேரம்தான் கொடுக்கும். அதற்குள் படம் ஏறாவிட்டால் நிறுத்திவிடும். மாப்பிள்ளை மீசை வரைக்கும் ஏறி நின்றுபோவார். "டைம்அவுட்!" என்று அண்ணை கத்துவார். பெயர் வந்தது அப்படித்தான்.

மிஞ்சிய அரை மாப்பிள்ளைகளை அழிக்கும் கட்டளையை அவர் முதல் வரியிலேயே எழுதுவார்.

"வேலையே தொடங்கேல்ல, அதுக்குள்ள துப்புரவோ?" என்பார் முதலாளி.

"நிப்பாட்டின பிறகு எழுத ஏலாது, முதலாளி. முதலே சொல்லி வைச்சால், நிப்பாட்டேக்க அது தன்ர பாட்டில ஓடும்."

வாழ்க்கையிலும் அதே சட்டம். சோற்றில் கை வைக்க முதல், "இடையில ஆரும் என்னை எழுப்பிக்கொண்டு போனால் மிச்சத்தை நாய்க்குப் போடு" என்பார். கக்கூஸ் கதவுக்குக் கொண்டி போடமாட்டார். உள்ளே ஏதும் நடந்தால் கதவை உடைக்க வேண்டி வருமாம். பதிலுக்கு உரத்துப் பாடுவார். சுற்றிவளைப்புக்கு வந்த ஆமிக்காரன் ஒருவன் கதவைத் திறந்து, பாட்டைக் கேட்டு, "சொறி" என்று மன்னிப்புக் கேட்டுச் சாத்தினான்.

"நிப்பாட்டாமல் கரண்டே போனால்?" என்று ஒருநாள் மடக்கினேன்.

அண்ணை சிரிக்கவில்லை. "அப்ப அதுவும் ஓடாது. வெளியில ஒருத்தர் இருந்து, வந்து பாத்து அள்ள வேணும். எனக்கு நீதான்ரா அந்த வெளி ஆள்."

"விசர்க் கதை கதையாதேங்கோ."

அதன்பிறகு திரியாய்க் கிராமத்தில் இருந்த தன் அக்காவிடம் போகப் பஸ் ஏறும்போதெல்லாம், "வராட்டி..." என்று தொடங்கி, நான் செய்ய வேண்டியதை அண்ணை ஒவ்வொன்றாய்ச் சொல்வார். பிறகு கருவாட்டுப் பொதியோடு வந்து நிற்பார்.

ஒருமுறை வரவில்லை. வழியில் குச்சவெளிப் பக்கம் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கினதாகச் சொன்னார்கள். யார் மறித்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவர் சொன்னபடியே நான் செய்தேன். அக்காவுக்கு ஆள் அனுப்பினேன். அவரின் வாடகை அறையைக் கூட்டிப் பூட்டி, திறப்பை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். கடைசி வேலை, கம்ப்யூட்டருக்குள் நுழைய அவர் பெயரில் இருந்த கணக்கை அழிப்பது. அடுத்து வருகிறவனுக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

"அழிச்சிட்டியோ?" என்று முதலாளி கேட்டார்.

"அழிபடுதில்லை, முதலாளி."

ஒரு பொத்தானை அமத்தினால் போதும். ஆனால் மனுசன் திரும்பி வந்தால், அவரை உள்ளே விட அந்தக் கணக்கு வேண்டுமே.