தங்கள் காரைத் தாங்களே கொண்டுபோகவும்

ஆழியும் சங்கும் ஏந்திய திருக்கரங்கள் காக்க. சென்னிமலை ஆண்டவன் பொறுத்தருள்க.

பீளமேடு, கோவை
யுவ வருடம், மாசி 11, வெள்ளிக்கிழமை (23-2-96)

கோபிசெட்டிபாளையத்தில் சகல நலன்களுடன் வாழும் மைத்துனர் கோவிந்தராஜுலு அவர்களுக்கு, தங்கள் அக்காள் பங்காரம்மாவின் கணவன் திருமலைசாமி ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் நலம் என்று தொடங்குவதே மரபு. மரபை மீறுவதற்கு மன்னிக்க வேண்டும், இவ்விடம் நலமில்லை. தாங்கள் புதுக் கார் வாங்கியபோது, "அக்கா கோயில் குளத்துக்குப் போய்வரட்டும்" என்று பழையதை எங்கள் வாசலில் நிறுத்திச் சென்றீர்களே, அதில் எண்ணெய் கருகும் நாற்றம் வீசுகிறது.

வண்டி வந்த அன்றே, அது ஏறும் முதல் மலை சென்னிமலையாக இருக்கவேண்டும் என்று தங்கள் அக்காள் வேண்டிக்கொண்டாள். வருகிற மார்ச் நான்காம் தேதி அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதன்பின் மூன்று மாதம் காரில் ஏறக்கூடாதாம். வேண்டுதலை முடிக்காமல் காலில் கத்தி வைக்க விடமாட்டேன் என்கிறாள். வாடகைக் காரில் போவோமே என்றால், "தம்பி குடுத்த வண்டின்னுதானுங்க வேண்டுனேன். சாமிகிட்டப் போயி, வண்டிய மாத்திப்போட்டேன்னு சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்கிறாள்.

மூன்று முறை புறப்பட்டு மூன்று முறையும் திரும்பினோம். முதல்முறை அவிநாசி தாண்டுமுன்பே நாற்றம் எழுந்து, அவளுக்குக் குமட்டி, புளியமரத்தடியில் அரைமணி நேரம் உட்காரவைத்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். இரண்டாம் முறை பெருந்துறைக் கடைவீதியில் புகை கிளம்பி, யாரோ ஒரு புண்ணியவான் டீக்கடை வாளித் தண்ணீரை என் மடியிலேயே ஊற்றிவிட்டார். மூன்றாம் முறை மலையடிவாரமே வந்து, முதல் வளைவு திரும்புகையில், முன்மூடியின் இடுக்கெல்லாம் வேள்விச் சாலைபோல் புகைந்தது, பின்னால் வந்தவர்கள் "அய்யா, எறங்கிப்போடுங்க, பத்திக்கப் போகுது" என்று கத்த, அவளைக் கைத்தாங்கலாக இறக்கினேன். தங்கள் அக்காள் சாலையோரம் நின்று மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் ரசாக் அவர்களிடம் காட்டினேன். இன்ஜின் மேல்மூடியின் பேக்கிங் வழியாக எண்ணெய் கசிந்து, சூடான புகைக்குழாயில் சொட்டுகிறது என்று மாற்றினார். நாற்றம் போயிற்று, அடுத்த வாரமே திரும்பிற்று. ஆயில் சீல் என்றார், இன்ஜினையே இறக்கி அந்த சீலை மாற்றினார், அதுவும் அவ்வாறே. கடைசியில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை வெயிலில் பிடித்து நெடுநேரம் நின்றார். "அய்யா, இன்ஜின்ல ஒரு சொட்டுக் கொறயலீங்க. ஆனாலும் எண்ணெய் கருகுதுங்க. முப்பது வருசத்துல இப்பிடி ஒரு வண்டியப் பாத்ததில்லீங்க" என்றார். குறையாத எண்ணெய் எரிவதென்றால், எரிவது என் ஊழ் அல்லாமல் வேறென்ன? எதிர்வீட்டுப் பழனியாத்தாள் வேறு, "ஏனுங்கய்யா, காருக்குள்ள பணியாரம் சுடறீங்களாட்ட இருக்குதுங்க" என்று தினமும் விசாரிக்கிறாள்.

தெய்வ காரியத்தில் நான் குறை வைக்கவில்லை. எனக்கு ஏழரைச் சனி நடப்பதைத் தாங்கள் அறிவீர்கள். இரும்புக்கு அதிபதி அவரே. ஆகையால் வண்டி வந்த நாள்முதல், சனிக்கிழமைதோறும் நவக்கிரக சன்னிதியில் நல்லெண்ணெய் சாற்றி, மிச்சத்தைப் பயபக்தியுடன் கொண்டுவந்து, இன்ஜினின் உச்சியிலும் ஒரு கரண்டி அபிஷேகம் செய்கிறேன். நாற்றம் தொடங்கியதும் இரண்டு கரண்டியாக்கினேன். மலைக்குப் புறப்பட்ட நாட்களில், பயணம் நெடிது என்பதால், ஓர் உழக்கு. முதலை வாயில் காலைக் கொடுத்த யானைக்கு ஒரு குரல் போதுமாயிருந்தது. எனக்கு ஓர் உழக்கும் போதவில்லை.

"பாவா, எங்கிட்டப் பதினோரு வருசம் இருந்துச்சு, ஒரு நாள் வாசம் வந்ததில்லீங்க" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். தங்களிடம் நன்றாயிருந்தது என்னிடம் வந்து கெட்டதென்றால், பழுது வண்டியிலன்று, என்னில். ஆகவே வருகிற புதன்கிழமை வந்து வண்டியைக் கொண்டுபோய்விடுங்கள். அக்காளிடம் தாங்களே சொல்லுங்கள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லும் வலிமை எனக்கில்லை.

தங்கள் இல்லத்தில் நெல்லும் வாழையும் தழைக்க, பிள்ளைகள் கல்வியில் சிறக்க, தங்கள் புதுக் கார் நாற்றமின்றி நெடுங்காலம் ஓட ஆசி கூறும்,
திருமலைசாமி

பின்குறிப்பு (சனிக்கிழமை, தபாலில் சேர்க்குமுன்): இன்று காலை, வண்டி சூடாகுமுன் ஒருமுறை பார்க்கலாம் என்று ரசாக் வந்தார். நான் முன்மூடியைத் திறந்துவைத்து, கரண்டியும் கையுமாய் நின்றிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, மந்திரம் முடியும்வரை ஓரமாக நின்றார். பிறகு மிக மெதுவாக, "அய்யா, இதை எத்தனை நாளா ஊத்தறீங்க?" என்றார். சொன்னேன். புகைக்குழாயைத் தடவி, விரலை என் மூக்கருகே காட்டினார். விரலில் நல்லெண்ணெய் மணத்தது.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, உக்கடம் வரை ஓட்டிப் பார்த்தோம். நாற்றமில்லை. "சனிக்கெழம ஊத்தாம உங்க மனசு கேக்காதுங்க" என்று, பட்டறையில் கிடந்த பழைய கியர் சக்கரம் ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார். "இதுவும் இரும்புதானுங்க. இதுக்கு ஊத்துங்க." அது இப்போது பூசை அறையில் இருக்கிறது.

தங்கள் அக்காள், "இட்டிலிப் பொடிக்கு எண்ணெய் கேட்டா கொலஸ்ட்ரால்னு ஒரு சொட்டு ஊத்துவீங்க. காருக்கு உழக்குங்களா?" என்றாள். மீதி எண்ணெயை அவளிடமே கொடுத்துவிட்டேன். வண்டியை எடுக்க வரவேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெருந்துறையில் நில்லுங்கள். மூவருமாக மலை ஏறுவோம். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். "ஒரு வரி உடாம எந்தம்பி படிக்கட்டுங்க" என்று உறையைத் தானே ஒட்டக் காத்திருக்கிறாள். தங்கள் குடும்பம் வாழ்க.